பதினொன்றாம் எண்

பொங்கலுக்கு மறுவாரம்
நாகலூர் டவர் படுத்துவிட்டது.
எனக்கு அது வசதி.
லேப்டாப்பை மடியில் அணைத்துக்கொண்டு
இருபது கொண்டை ஊசி வளைவும்
எலுமிச்சம்பழம் முகர்ந்தபடி ஏறினேன்.
பதினாறு பேர் போனில் என் செயலியை ஏற்றினேன்.

டவர் இல்லாம போன் பேசுமா, என்றாள் இருசாயி.
பேசும். பக்கத்துப் போனிடம் மட்டும்.
அது அதன் பக்கத்துப் போனிடம்.
"அப்ப எங்க களத்துப் பேச்சுதான்.
இங்க ஒன்னு சொன்னா
மஞ்சக்குட்டைக்குப் போறதுக்குள்ள ஒம்போது ஆயிரும்."
இல்லை, இதில் ஒன்று ஒன்றாகவே போகும்,
ஒட்டிய உறைக்குள். தூக்குகிறவர் பிரிக்க முடியாது.
"பிரிக்காம தூக்கறதுல என்ன ருசி?"
காப்பிப் பழக் கூடையை இடுப்புக்கு ஏற்றினாள்.

இதில் தலைமை கிடையாது.
ஒவ்வொரு போனும் இரண்டு நொடிக்கு ஒருமுறை
இருக்கேன் என்கிறது.
கேட்டது குறித்துக்கொள்கிறது.
தீர்த்தமலையின் பால் வண்டி வளைவு திரும்பினால்
அந்த வரியை அழித்துவிடுகிறது.
ஆள் தேட வேண்டுமென்றால் அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும்:
அற்புதமேரியைத் தெரியுமா? அற்புதமேரியைத் தெரியுமா?
ஏழு தாவலோடு நிறுத்து என்று எழுதி வைத்திருக்கிறேன்.
இல்லாவிட்டால் மலை முழுக்க
அற்புதமேரி ஆகிவிடும்.

ராத்திரி லாட்ஜில், கம்பளிக்குள், பதிவுகளைத் திறந்தேன்.
என்ன பேசினார்கள் என்பது எனக்கும் தெரியாது.
எண்கள் மட்டும்.
எந்தப் புள்ளியிலிருந்து கோடு இழுத்தாலும்
பதினொன்றைத் தொட்டுத்தான் போனது.
பதினொன்று சென்றாயன்.
சில்வர் ஓக்கில் ஏணி சாத்தி மிளகு பறிப்பவர்.
நாற்பதடி உயரத்தில், சட்டைப் பையில்,
இந்தச் சரிவுக்கும் அந்தச் சரிவுக்கும் கேட்கிற ஒரே போன்.

மூன்றாம் நாள் ஒன்றே முக்காலுக்குப்
பதினொன்று அணைந்தது.
நான்காம் நாளும்.
ஐந்தாம் நாள் காலை பத்துக்கே.
திரையில் மலை இரண்டாகக் கிழிந்தது.
இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஒன்பது,
கேள்விகள் விளிம்பு வரை வந்து வந்து செத்தன.

எங்கள் துறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு:
சுயநல முனை.
தன்னுடையதை அனுப்பும், பிறருடையதைச் சுமக்காது.
அறிக்கையில் அப்படித்தான் தட்டினேன்.

ஆறாம் நாள் பார்க்கப் போனேன்.
சாக்கு விரித்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார்.
ஏன் அணைக்கறீங்க?
"நா எங்க அணைச்சேன். அதுவா தீந்து போவுது."
முன்பு ஒரு சார்ஜ் ரெண்டு நாள் வருமாம்.
இப்போது மதியத்துக்குள்
இட்லித் துணி மாதிரி நெஞ்சில் சுடுகிறதாம்.
வீட்டுக்கு இன்னும் கம்பி வரவில்லை.
வெள்ளக்கடையில் ஒரு கடைக்காரர்
பத்து ரூபாய்க்கு ஏற்றித் தருகிறார்.
ஐந்து நாள். ஐம்பது ரூபாய்.
அந்த ஐந்து நாளில் அவர் அனுப்பியது
ஒரே ஒரு சேதி, எனக்கு, சோதனைக்காக:
சாப்டீங்களா.
சுமந்தது நாலாயிரத்து நூற்று இரண்டு.

ஐம்பதை நீட்டினேன்.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு கணக்கை மாற்றினேன்.
எந்த வழி குறுக்கு என்று கேட்காதே,
யாரிடம் மிச்சம் இருக்கிறது என்று கேள்.
வழிகள் உடனே கோணிக்கொண்டன.
இருசாயியின் சேதி இப்போது
சென்றாயனைச் சுற்றிக்கொண்டு
ஓடை ஓரம் மூன்று பெண்களின் மடி மாறி
பால் வண்டிக்காகப் பதினெட்டு நிமிடம் நின்று
போய்ச் சேர்கிறது.
தாமதம் ஏன் கூடியது என்று வழிகாட்டி கேட்பார்.
பதில் இன்னும் எழுதவில்லை.
அறிக்கையில் 'சுயநல' என்பதை மட்டும் அழித்தேன்.
முனை தனியாக நிற்கிறது.

இறங்கும்போது, எத்தனையாவது வளைவோ,
என் போன் லேசாகச் சூடானது.
யாருடையதோ. யாருக்கோ.
அடிவாரம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்,
தளும்பிவிடும் என்பதுபோல.